பட்டியல் யாருக்காக? பினாங்கு நூலகத் தட்டும் தமிழ்நூற் செய்தியும்

1. தேதித் தாள்

ஜார்ஜ் டவுனில் ஒரு நூலகம். பெயர் வேண்டாம், இங்கே சொல்வது வேறு பல நூலகங்களுக்கும் பொருந்தும். தமிழுக்கு இரண்டே அலமாரி. நூல்களின் முதுகில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் 894.8113 என்று இருந்தது. டூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு உரிய எண் அது. எண் சரியாகத்தான் இருந்தது, வரிசைதான் இல்லை. மு. வரதராசனின் நாவல், அதை ஒட்டி ஒரு எண்சோதிடம், அடுத்து ரெ. கார்த்திகேசுவின் நாவல். இரு நாவல்களின் கடைசிப் பக்கத்தையும் புரட்டினேன். மு.வ. நூலில் தேதித் தாள் நிரம்பிப்போய் அதன்மேல் இன்னொன்று ஒட்டியிருந்தார்கள். கார்த்திகேசு நூலிலும் தாள் இருந்தது. முத்திரை ஒன்றுகூட இல்லை.

கார்த்திகேசு கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்தவர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்தவர். ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’, ‘சூதாட்டம் ஆடும் காலம்’ முதலிய நாவல்களை எழுதி 2016இல் மறைந்தார். அவர் பாடம் நடத்திய வளாகத்திலிருந்து இந்த அலமாரிக்கு ஒரே பேருந்தில் வந்துவிடலாம். அப்படியிருந்தும் மதராசில் வாழ்ந்த மு.வ.வை இந்த ஊர் வாசகர் தேடி எடுக்கிறார், உள்ளூர்க்காரரை எடுக்கவில்லை.

இரண்டு தாள்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வாசகரே இரவல் பதிந்துகொள்ளும் எந்திரம் வந்தபிறகு தேதித் தாள் முழுக் கணக்கையும் சொல்வதில்லை என்பதும் தெரியும். என்றாலும் அது ஒரு கேள்வியை எழுப்பியது. மு.வ.வின் பெயர் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் வாசகர் காதில் விழுந்த பெயர். பேர் கேட்ட நூலைத்தான் மனிதர் கைநீட்டி எடுக்கிறார். அப்படியானால் இன்று அச்சாகும் தமிழ் நூலின் பேர் பினாங்கு வாசகருக்கு எட்டுமுன் பினாங்கு நூலகருக்கு எட்டியாக வேண்டும். அது எப்படி எட்டுகிறது? வந்த நூல்களில் எதை வாங்கலாம் என்று அவருக்குச் சொல்வது யார்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான்.

2. வழக்கமான மூன்று விடைகள்

மலேசிய நூலகங்களில் தமிழ்ப் பகுதி மெலிந்து கிடப்பதற்குக் கூட்டங்களிலும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக் கட்டுரைகளிலும் மூன்று காரணங்கள் சொல்லப்படுவதுண்டு: வாசகர் இல்லை, பணம் இல்லை, தமிழ் தெரிந்த நூலகர் இல்லை.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எதுவும் கடைசிவரை நிற்பதில்லை. வாசகர் இல்லை என்றால் அந்த மு.வ. நூலின் தாள் எப்படி நிரம்பியது? பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ‘நிலாம்’ வாசிப்புத் திட்டத்துக்காகப் பிள்ளைகள் படித்த நூல்களைக் குறித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. படிக்கும் கூட்டம் ஆண்டுதோறும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. பணம் இல்லை என்பது உண்மையானால் அந்த எண்சோதிடத்தை வாங்கியது எந்தப் பணத்தில்? தொகை சிறியதாக இருக்கலாம். சிறிய தொகைக்குத்தான் தேர்வு கூடுதலாகத் தேவைப்படுகிறது. மூன்றாவது காரணம் வலுவாகத் தோன்றுவது. ஆனால் எந்த நாட்டிலும் நூலகர் தாம் படிக்கத் தெரிந்த மொழியில் மட்டும் நூல் வாங்குவதில்லை. மொழி தெரியாத இடத்தில் நூற்பட்டியல், மதிப்புரை, நம்பகமான விற்பனையாளர் ஆகிய மூன்றின்மேல் சாய்ந்து வாங்குகிறார். தமிழைப் பொறுத்தவரை அவர் சாய்ந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஒரு பள்ளி நூல்நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவர் விற்பனையாளர் அனுப்பிய தாளை என்னிடம் நீட்டினார். நானூற்றுச் சொச்சம் தலைப்புகள். எதிரே வெள்ளிக் கணக்கில் விலை. ஆசிரியர் பெயர் சிலவற்றுக்கு இருந்தது, பதிப்பாண்டு எதற்கும் இல்லை. “பேரும் வெலையும்தான் சார் இருக்கு. இதுல எது எந்த வயசுப் பிள்ளைக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழ் தெரிந்தவருக்கும் அந்தத் தாள் ஊமையாகத்தான் இருந்தது.

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றவர். 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, நூலுக்கு உரிய வாசகரைத் தேடிக் கொடுப்பது பற்றியது. திறந்த அலமாரி, அடுக்கும் முறை, பட்டியல், விளம்பரம் என்று எல்லாவற்றையும் அவர் அந்த ஒரு விதியின் கீழ்க் கொண்டுவந்தார். நம்முடைய பேச்சு பெரும்பாலும் வாசகருக்கு நூல் வேண்டும் என்ற இரண்டாம் விதியோடு நின்றுவிடுகிறது.

3. கப்பல் கொண்டுவந்த செய்தி

பினாங்கில் நூலகத்தின் கதை 1817இல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கிலேயச் சமூகம் தனக்காக அமைத்துக்கொண்ட ‘பினாங்கு நூலகம்’ அது. இன்றைய மாநிலப் பொது நூலகக் கழகம் தன் மூலத்தை அங்கேதான் காட்டுகிறது. அதன் தலைமையகம் இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருக்கிறது.

தமிழ் அச்சு இங்கே வந்தது வேறு வழியில். நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்ற இதழை நடத்தினார். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மரைக்காயர்களும் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்களும் கடல்வழி போய்வந்துகொண்டிருந்த காலம். ஆசிரியரும் வாசகரும் சந்தாப் பணமும் அதே வழியில் போய்வந்தன. இதழே செய்தியாகவும் இருந்தது. இன்ன நூல் அச்சில் இருக்கிறது, இன்னாரிடம் கிடைக்கும் என்பதை அறிவிக்க அக்காலத்தில் வேறு இடம் ஏது?

1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த வேலையைப் பார்த்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி வந்த அது முதலில் தொட்ட மலாயாத் துறைமுகம் பினாங்கு. கிள்ளானும் சிங்கப்பூரும் அதற்கப்புறம்தான். தமிழ்நாட்டு வார, மாத இதழ்களின் கட்டு கோலாலம்பூருக்கு முன்னால் பினாங்கில் அவிழ்ந்தது. அந்த இதழ்களின் பின் அட்டையிலும் நடுப்பக்கத்திலும் பதிப்பகங்கள் போட்ட விளம்பரங்கள்தாம் மலாயாத் தமிழருக்கு நூற்பட்டியல். கடைக்காரர் அதைப் பார்த்து அடுத்த கப்பலுக்கு எழுதிப்போடுவார். ஒரு சுற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். இருந்தும் செய்தியும் சரக்கும் ஒரே பாதையில் வந்ததால் கேள்விப்பட்ட நூல் கைக்கும் வந்து சேர்ந்தது. இதை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. வந்தவற்றில் தொடர்கதைகளும் பக்திப் பிரசுரங்களும் மிகுந்திருந்தன; பதிப்பகத்தின் பணபலத்தைப் பொறுத்தே விளம்பரம். மதிப்பீடு அதில் கிடையாது. ஆனாலும் அது வாசகரை நோக்கிச் செய்யப்பட்ட பட்டியல். தமிழ் நூற்பட்டியல்களின் வரலாற்றில் அது அபூர்வம் என்பதை அடுத்த பகுதி காட்டும்.

4. பட்டியல் செய்தவர்கள்

தமிழ் அச்சு நூல்களை வகைப்படுத்திய முதல் பெரிய பட்டியல் 1865இல் சென்னையில் வெளியானது. தொகுத்தவர் ஜான் மர்டாக், ஸ்காட்லாந்துக்காரர், கிறித்தவக் கல்விச் சங்கப் பணியாளர். இலக்கியம், இலக்கணம், மருத்துவம், சோதிடம், சைவம், வைணவம், இசுலாம் என்று பிரித்து நூலுக்கு நூல் குறிப்பும் எழுதினார். சமய ஊழியர்கள் இந்த மக்கள் என்ன படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். தமக்கு ஒவ்வாத நூல்களைப் பற்றிக் கடுமையாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கடுமையிலேயே அது மதிப்புரையோடு கூடிய பட்டியலாகிவிடுகிறது! இன்றைய விற்பனையாளர் தாளில் இல்லாதது அங்கே இருக்கிறது: நூலைப் பார்த்த ஒருவரின் கருத்து.

அடுத்து அரசு. 1867ஆம் ஆண்டு இந்தியப் பதிவுச் சட்டத்தின்படி அச்சான நூல்களின் விவரங்கள் காலாண்டுதோறும் சென்னை அரசிதழின் இணைப்பாக வெளிவந்தன. நீரிணைக் குடியேற்றங்களில் இதற்கு இணையான நூற்பதிவுச் சட்டம் 1886இல் வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அச்சகங்கள் நூலின் மூன்று பிரதிகளைக் கொடுத்தாக வேண்டும். ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகும். தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சகம், பக்கம், பதிப்பு, விலை, எத்தனை பிரதி என்பன வரை அரசிதழில் அச்சேறின. இந்தப் பதிவுகளையும் கொண்டே மலாய் மொழியின் தொடக்ககால அச்சு வரலாற்றை இயன் பிரவுட்ஃபுட் 1993இல் தொகுத்தார். தமிழுக்கு இத்தனை விரிவாக அப்படி ஒருவர் இன்னும் உட்காரவில்லை.

இந்தப் பட்டியலின் நோக்கத்தைப் பற்றி ஆய்வாளரிடையே இரு பார்வைகள் உண்டு. கண்காணிப்புக்காக என்பது ஒன்று. நிர்வாகத்தின் கணக்கு வைக்கும் பழக்கம், பதிப்புரிமைப் பாதுகாப்பு என்பது மற்றொன்று. 1857 கிளர்ச்சிக்குப் பத்தே ஆண்டில் இந்தியச் சட்டம் வந்ததைப் பார்த்தால் முதற்பார்வையை ஒதுக்க முடியாது. பிரதி எண்ணிக்கையும் விலையும் கேட்டதைப் பார்த்தால் இரண்டாவதையும் ஒதுக்க முடியாது. நம் கேள்விக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பினாங்கு அச்சகத்தில் வந்த நூலின் செய்தி சிங்கப்பூர் அரசிதழுக்குப் போயிற்று, பிரதி லண்டனுக்குப் போயிற்று. பினாங்கு நூலகத் தட்டுக்கு எதுவும் போகவில்லை. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூற்பட்டியல் 1909இல் வெளியானபோது அதைப் பயன்படுத்தியவரும் லண்டன் வாசகசாலையில் உட்கார்ந்த அறிஞரே.

மூன்றாவது கட்டம் கோதுமையோடு வந்தது. அமெரிக்கா இந்தியாவுக்குக் கொடுத்த தானியத்துக்கான ரூபாயில் ஒரு பகுதி பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் நூல் வாங்கச் செலவிடப்பட்டது. 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் டில்லி அலுவலகம் தமிழ் நூல்களைத் திரட்டி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. கூடவே ‘வரவுப் பட்டியல்’ ஒன்றையும் வெளியிட்டது. நூலகங்களுக்கென்றே முறையாகவும் தொடர்ச்சியாகவும் அத்தகைய தமிழ்நூற் செய்தி அதற்குமுன் வந்ததில்லை. சிகாகோ நூலகருக்குத் தெரிந்த சென்னை வெளியீடு பினாங்கு நூலகருக்குத் தெரியாமல் போனது இப்படித்தான்.

மலேசியாவுக்குள் நடந்த முயற்சிகள் சிலவே ஆனாலும் தரமானவை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலிருந்த தனிநாயகம் அடிகள் 1966இல் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டார். அதே ஆண்டுதான் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1969இல் இராம சுப்பையா ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலைக் கொண்டுவந்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்கள் பற்றியது. பிற்காலத்தில் ஈழத்து நூலகர் என். செல்வராஜா, லண்டன் பக்கம் குடிபெயர்ந்த பிறகு, 2002இலிருந்து ‘நூல்தேட்டம்’ தொகுதிகளை வெளியிட்டு வருகிறார். தொகுதிக்கு ஆயிரம் ஈழத்து நூல்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரிக் குறிப்பு. மலேசிய, சிங்கப்பூர் நூல்களுக்கென்றும் ஒரு தொகுதி செய்திருக்கிறார். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர்; நூலின் பெயரையாவது காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு அந்தக் குறிப்புகளுக்குப் பின்னால் தெரிகிறது.

ஆக, ஊழியருக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, ஆய்வாளருக்கும் காப்பாளருக்கும் இன்னொன்று என்று பட்டியல்கள் நிறையவே இருந்திருக்கின்றன. இவற்றில் பல நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் பார்ப்பவை. உடனுக்குடன் வந்தவையோ வேறொருவர் மேசைக்கு வந்தவை. வருகிற மாதம் நூற்றைம்பது வெள்ளியை எதில் செலவழிக்கலாம் என்று யோசிக்கும் பொது நூலகரை மனத்தில் வைத்து எதுவும் செய்யப்படவில்லை.

5. இன்று: ஒரு மொழி, பல எண்கள்

சட்டப்படி பார்த்தால் இன்று செய்தி தடைப்படக் கூடாது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து 1986இல் வந்த நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் மலேசியாவில் அச்சாகும் நூலின் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்கிறது. 1967 முதலான வெளியீடுகளைத் தேசிய நூற்பட்டியல் பதிவு செய்கிறது. பதிப்பகத்தார் முன்கூட்டியே விண்ணப்பித்தால் நூலின் உரிமைப் பக்கத்தில் அச்சிடப் பட்டியற் குறிப்பையும் தேசிய நூலகமே தருகிறது.

சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, தமிழ் ஒரு நாட்டின் மொழியாக இல்லை. ஒரு நாட்டின் நூற்பட்டியல் அந்நாட்டு எல்லையோடு முடிகிறது. இந்தியத் தமிழ் நூலின் ஐ.எஸ்.பி.என். 81 அல்லது 93 என்று தொடங்கும், இலங்கையது 955 அல்லது 624, மலேசியாவினது 967 அல்லது 983, சிங்கப்பூருக்கு 981. இவை 978க்கு அடுத்து வரும் எண்கள். தமிழ் வாசகருக்கு இவை நான்கும் ஒரே அலமாரி. நூற்பதிவு முறைக்கோ நான்கு வெவ்வேறு வாசல்கள். எண்ணே வாங்காமல் வெளிவரும் கவிதைத் தொகுப்புகள் எந்த வாசலிலும் நுழைவதில்லை. இதற்கு மேல் அச்சிடும் முறையும் மாறிவிட்டது. ஆயிரத்து இருநூறு பிரதி அடித்து ஆண்டுக்கணக்கில் விற்ற காலம் போய், தேவைக்கேற்ப நூறு இருநூறு என்று அடிக்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது; சனவரியில் அதை ஒட்டி ஒரு வெள்ளம்போல நூல்கள் வருகின்றன. பினாங்கு நூலகத்தின் கொள்முதல் கோப்பு நகர்ந்து கையெழுத்தாகும்போது அவற்றில் சில அச்சில் இருப்பதில்லை.

இரண்டாவது சிக்கல் பெயர். இதை நூலகத்துக்கு வெளியே இருப்பவர்கள் கவனிப்பதில்லை. ப. சிங்காரத்தை எடுத்துக்கொள்வோம். 1938 வாக்கில் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்துவிட்டுப் போருக்குப் பின் ஊர் திரும்பியவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூலாயின. முதல் நாவல் நிகழ்வது பெரும்பாலும் இந்த ஊரில். இரண்டாவதும் மேடானிலிருந்து பினாங்குக்கு வந்துசேர்கிறது. பினாங்கைப் பற்றித் தமிழில் இவற்றுக்கு நிகரான புனைகதை வேறில்லை என்பது என் கருத்து. இவற்றை ஒரு கணினிப் பட்டியலில் எஸ் என்ற எழுத்தின் கீழ்த் தேடினால் கிடைக்காமல் போகலாம். காங்கிரஸ் நூலகத்து எழுத்துபெயர்ப்பு முறையில் சகரத்துக்குச் சி என்ற ஆங்கில எழுத்துதான் வரும். சிங்காரம் அங்கே சி வரிசையில் உட்கார்ந்திருப்பார். உள்ளூரில் பதிந்த ஒருவர் வாயில் வந்தபடி எஸ் போட்டிருப்பார். ழகரத்துக்கு ஒருவர் இசட்டும் எச்சும் போடுவார். இன்னொருவர் எல் போட்டு அடியில் கோடிழுப்பார். கோடு விழாத கணினியில் அது வெறும் லகரமாகிவிடும். கார்த்திகேசுவின் தலையெழுத்து ரெ என்று ஒரு பதிவிலும் ஆர் என்று இன்னொரு பதிவிலும் வந்தால் எந்திரம் இரண்டு மனிதர்களாகவே எண்ணிக்கொள்ளும். மார்க் என்னும் கணினிப் பதிவு முறையில் மூல எழுத்தில் பெயரைப் பதிய 880 என்ற புலம் இருக்கிறது. அதை நிரப்பியிருந்தால் தமிழிலேயே தேடிவிடலாம். நிரப்பாத நூலகங்களில் நூல் இருந்தும் இல்லாததுதான்.

அரசிதழின் இடம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் இப்பகுதியை முடிக்க முடியாது. 2019இல் வெளியான ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை மலேசிய உள்துறை அமைச்சு, 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் 2020 டிசம்பரில் அரசிதழ் வழியே தடை செய்தது. தமிழ் இலக்கியத்தோடு தொடர்பே இல்லாத ஆங்கில, மலாய்ச் செய்தித்தளங்களிலெல்லாம் அந்த நாவலின் பெயர் வந்தது. தமிழ் படிக்கத் தெரியாத நூலகர் ஒருவர் அந்த ஆண்டு கேள்விப்பட்ட ஒரே தமிழ் நாவல் அதுவாக இருந்திருக்கக்கூடும். வாங்கு என்று சொல்ல வழியில்லாத அமைப்பு, வாங்காதே என்பதை மட்டும் தவறாமல் சேர்ப்பித்துவிட்டது.

6. ஒப்பீடும் ஓர் ஐயமும்

சிங்கப்பூரைக் காட்டி ஒரு மறுப்பு எழும். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று; 2005இல் தொடங்கிய தேசிய வாசிப்பு இயக்கத்தில் நான்கு மொழிகளில் ஒன்றாகத் தமிழ் நூல்களும் பரிந்துரைக்கப்பட்டன; 2015இல் ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னாக்கம் செய்து பொதுவில் வைத்தார்கள். இங்கே அந்தத் தகுதி இல்லாததுதான் காரணம் என்பார்கள். பாதி சரி. ஆட்சிமொழித் தகுதி சம்பளத்துக்குத் தமிழ் நூலகரை அமர்த்துகிறது. ஆனால் அந்த மின்னாக்கத்தில் எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் சமூக ஆர்வலர்களையும் சேர்த்து ஒரு தன்னார்வக் குழு நூல் நூலாகத் தேடி அனுமதி வாங்கிக் கொடுத்தது. வேலையின் அந்தப் பகுதிக்கு ஆட்சிமொழித் தகுதி தேவையில்லை.

எதிர்த்திசையில் தமிழ்நாடு. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது. நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை, கிடைத்தால் பதிப்பாளருக்கு அச்சுச் செலவு மீண்டுவிடும். விளைவு? ஆணைக்காகவே அச்சான நூல்கள், ஆணைக்குழு விரும்பும் தலைப்புகள், ஆணை வராத ஆண்டுகளில் பதிப்பாளர் புலம்பல். பரிந்துரைப் பட்டியலுக்குப் பின்னால் பணம் நிற்கும்போது பட்டியலை நோக்கி நூல் எழுதப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. பினாங்கு நூலகருக்காக ஒரு பட்டியல் வேண்டும் என்று எழுதும் எனக்கும் இந்த ஐயம் உண்டு. யார் அதைச் செய்வார்? சங்கத் தலைவரின் கவிதைத் தொகுதி முதலிடத்தில் வந்து உட்காராது என்பதற்கு என்ன உறுதி?

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. கருத்துச் சொல்லாத பட்டியல் நடுநிலையானது என்று நினைப்பது தவறு. நானூறு தலைப்புள்ள அந்த ஊமைத் தாளும் ஒரு தேர்வுதான். விற்பனையாளர் கிடங்கில் தேங்கியதைத் தேர்ந்தெடுத்த தேர்வு. அதைவிடக் கையெழுத்திட்ட ஒருதலைப்பட்சம் மேல். மர்டாக்கின் சாய்வு நமக்குத் தெரிந்திருப்பதால் அவர் பட்டியலை இன்றும் கழித்தும் கூட்டியும் பயன்படுத்த முடிகிறது. கார்த்திகேசு எழுதிய விமர்சனங்களும் அப்படியே. அவருடைய ரசனையோடு முரண்படுகிறவருக்கும் எந்த நூல் எதைப் பற்றியது என்பது அவற்றில் கிடைத்துவிடும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றபோது அத்தகைய எழுத்துக்கு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இடமும் போயிற்று. ‘வல்லினம்’ போன்ற இதழ்களும் 2022இல் தொடங்கிய ‘தமிழ் விக்கி’யும் அந்த இடத்தில் ஒரு பகுதியை நிரப்புகின்றன. அவை எழுத்தாளரையும் தேர்ந்த வாசகரையும் பார்த்துப் பேசுபவை. கொள்முதல் படிவத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு அவற்றிலிருந்து எடுத்துக் கொடுக்க நடுவில் ஓர் ஆள் தேவைப்படுகிறது.

7. ஒரு தட்டுக்கான குறிப்பு

அந்த ஆள் எழுதும் குறிப்பு எப்படி இருக்கலாம் என்று முயன்று பார்த்தேன். பினாங்கு நூலகம் ஒன்றில் தமிழுக்கு ஒரே ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டேன். சிங்காரத்தின் இரு நாவல்களும் கார்த்திகேசுவின் ஒன்றிரண்டும் முதலில். சப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டப் பாட்டாளிகளைப் பற்றி ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ என மூன்று நாவல்கள் இருக்கின்றன. மூன்றையும் வாங்கலாம். ஒரே துயரத்தை வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியதை வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்தப் பாதையில் மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் வடமலேசியாவில்தான் இருக்கிறார்கள். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தமிழ்நாட்டு எழுத்தாளர் கண்ணில் பட்ட தோட்ட வாழ்க்கை. அதை மட்டும் வாங்கி நிறுத்திக்கொண்டால் பிழை, சீ. முத்துசாமியின் கதைகளோடு சேர்த்து வாங்கினால் பயன். சிறுவர் நூல்களுக்கு வேறு ஒருவர் எழுத வேண்டும்; எனக்கு அதில் தேர்ச்சி போதாது. எண்சோதிடத்தை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். அதற்கும் ஆள் வருகிறார்கள். இடம் மாற்றினால் போதும்.

ஆசிரியைக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் குறிப்பு இது:

‘கடலுக்கு அப்பால்’, ப. சிங்காரம். முதற்பதிப்பு 1959. பினாங்கு லேவாதேவிக் கடையில் வேலை பார்க்கும் இளைஞன் செல்லையா, நேதாஜி படையில் சேர்ந்து திரும்பிவந்தபின் வேலையையும் காதலையும் மீட்க முயல்வதைப் பற்றிய நாவல். நடை எளிது, இடைநிலைப்பள்ளி மேல்வகுப்புக்கும் பெரியவர்களுக்கும் ஏற்றது. மறுபதிப்பு வாங்கும்போது பதிப்பாண்டைக் கேட்டுக்கொள்ளவும். ‘புயலிலே ஒரு தோணி’யோடு ஒரே கட்டாக வெளிவந்தால் அதையே எடுக்கவும், ஆனால் தலைப்புகள் இரண்டையும் தனித்தனியே பதியவும். பட்டியலில் எஸ் வரிசையிலும் சி வரிசையிலும் பெயர் வரட்டும். தமிழிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள், டீச்சர்.